சூரியத் தகட்டுக்கு முன் மின்விசிறி

திருவெறும்பூருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு அறுபது ஆண்டுப் பழக்கம். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு அமைக்கப்பட்ட பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் அனல் மின் நிலையங்களில் நிலக்கரியை எரித்து நீராவி எழுப்பும் கொதிகலன்களில் பெரும்பகுதி இந்த மண்ணில் வளைத்து, பற்றவைத்து, லாரி ஏற்றப்பட்டவை. ஆலையைச் சுற்றி எழுந்த துணைத் தொழிற்கூடங்கள், கைலாசபுரம் குடியிருப்பு, ஓய்வு பெற்றவர்கள் மனை வாங்கிக் கட்டிய நகர்கள் என ஊரே கொதிகலனைச் சுற்றி வளர்ந்தது.

அந்த ஊரில் இன்று வீடு கட்டுகிறவர்களும், கட்டிய வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்களும் அதிகம் பேசுவது மொட்டைமாடியில் சூரிய மின்தகடு போடுவதைப் பற்றித்தான். எறும்பீசர் மலைக்கோயில் படியேறி நின்று சுற்றிலும் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வெயில் காயும் தளங்கள். அவற்றின் மேல் தண்ணீர்த் தொட்டிகள். தகடுகள் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. ஆசைக்கும் தளத்துக்கும் இடையே ஏன் இத்தனை தூரம்? வெயிலில் குறைவில்லை. மானியமும் இருக்கிறது. விடையைத் தேட வேண்டிய இடம், இரு மாதங்களுக்கு ஒருமுறை நம் கைப்பேசிக்கு வரும் மின்கட்டணச் செய்திதான்.

முதலில் மானியத்தைப் பார்த்துவிடலாம். ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்சாரம் என்ற இலக்கோடு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமரின் சூரிய வீடு திட்டத்தை அறிவித்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்; அதற்கு மேல் எத்தனை பெரிதாக அமைத்தாலும் மானியம் 78,000 ரூபாயோடு நின்றுவிடும். தகடுகளும் அவற்றுக்குள் இருக்கும் மின்கலங்களும் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொதுத்துறை வங்கிகள் வீட்டுக்கடனைவிடக் குறைந்த வட்டிக்குக் கடனும் தருகின்றன. 2025 செப்டம்பரில் சூரிய சக்திச் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

இத்தனையும் நாடு முழுவதற்கும் பொது. ஆனால் குஜராத், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், கேரளம் ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன. நம்மில் பாதி மக்கள்தொகைகூட இல்லாத, ஆண்டில் பல மாதங்கள் மழைமேகம் மூடிக்கிடக்கும் கேரளம் கூரைத் தகடுகளில் நம்மை எங்கோ பின்னால் விட்டுவிட்டது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரியப் பூங்காவை நிறுவிய மாநிலம் நம்முடையது. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டு நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலமும் நம்முடையதுதான். பெரிதாகச் செய்வதில் நாம் சளைத்தவர்கள் அல்லர், மொட்டைமாடியில்தான் தடுமாறுகிறோம்.

முயற்சி இல்லாமலும் இல்லை. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் சூரிய சக்தியில் எரியும் விளக்குகள் பொருத்தப்பட்டன. 2012-இல் வெளியான தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கை, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. அதில் 350 மெகாவாட் கூரைகளிலிருந்து வர வேண்டும் என்றது. கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் மாநில ஊக்கத்தொகையும் அப்போது இருந்தது. 2019-இல் வந்த அடுத்த கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட் என்றும், அதில் 40 சதவீதம் நுகர்வோர் தரப்பிலிருந்து என்றும் சொன்னது. இலக்கு எழுதுவதில் நமக்குப் பஞ்சம் வந்ததில்லை. இதே மாநிலம் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி, சில மாதங்களில் ஊர் ஊராகக் குழாய் பதிக்க வைத்ததையும் நினைத்துப் பார்க்கலாம். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். இதற்கு லட்சம் வேண்டும். அந்த லட்சம் எத்தனை ஆண்டில் திரும்பி வரும் என்று நடுத்தரக் குடும்பம் கேட்பது நியாயமான கேள்வி. விடை தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அதைத்தான் விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

காரணம் நம் கட்டண அடுக்கு. 2016 மே முதல் எல்லா வீடுகளுக்கும் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணத்தில் அரசு மானியம் போக நுகர்வோர் செலுத்துவது இது: மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறுக்கும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடும். 501-லிருந்து 8 ரூபாய் 40 காசு, 601-லிருந்து 9 ரூபாய் 45 காசு, 801-லிருந்து 10 ரூபாய் 50 காசு என ஏறி, ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய் 55 காசில் முடியும். 2025 ஜூலை உயர்வின்போது வீடுகளுக்கான சுமையை அரசே ஏற்றுக்கொண்டதால் இந்த எண்கள் அப்போது மாறவில்லை.

இந்த அடுக்கில் ஒரு படிக்கல் இருக்கிறது. சரியாக 500 யூனிட் செலவழித்தவர் கட்டுவது 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடுதலாக ஓடினால் 2,048 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய்! மின்கணக்கு எடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்தால் மக்கள் பதறுவது இதனால்தான்.

வீட்டுக் கூரையில் விளையும் மின்சாரம் நிகர அளவீட்டு முறையில் கழிக்கப்படுகிறது. பகலில் நாம் பயன்படுத்தியது போக மிஞ்சியது மின்வாரியத்தின் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். இருவழி மீட்டர் இரண்டையும் பதிவு செய்யும், வித்தியாசத்துக்குத்தான் கட்டணம். அதாவது சூரியன் தரும் ஒவ்வொரு யூனிட்டும் நம் கணக்கின் மேல் அடுக்கிலிருந்து ஒரு யூனிட்டைச் சுரண்டி எடுக்கிறது. ஆயிரம் யூனிட் வீட்டில் அது 10 ரூபாய் 50 காசு யூனிட். இருநூறு யூனிட் வீட்டில் அது 2 ரூபாய் 35 காசு யூனிட். தகடு ஒன்றே, வெயில் ஒன்றே, சம்பாதிப்பது மட்டும் வேறு.

எண்களை வைத்தே பார்க்கலாம். திருச்சிப் பகுதியின் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இரு மாதங்களுக்கு 240 யூனிட். இரண்டு குளிர்சாதனங்கள் ஓடும் ஒரு வீடு 900 யூனிட் செலவழிக்கிறது என்று கொள்வோம். கட்டணம் 5,820 ரூபாய். மூன்று கிலோவாட் தகடு 720 யூனிட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் 180 யூனிட். கட்ட வேண்டியது 188 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 33,800 ரூபாய் மிச்சம். மூன்று கிலோவாட் அமைக்க ஏறத்தாழ 1.9 லட்சம், மானியம் போக 1.12 லட்சம் என்று வைத்தால் மூன்றரை ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆதாயம். இவர் இன்னும் போடாமல் இருந்தால் அது சோம்பல்தான்.

அடுத்த தெருவில் 300 யூனிட் செலவழிக்கும் வீடு. ஓய்வூதியத்தில் வாழும் இருவர். கட்டணம் 705 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் 240 போக 60 யூனிட் மிஞ்சும். அது இலவச வரம்புக்குள் அடங்கிவிடும். கட்டணமே இல்லை என்று விளம்பரம் சொல்வது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு மிச்சம் 4,230 ரூபாய் மட்டுமே. மானியம் போக 45,000 ரூபாய் செலவென்றால் முதல் திரும்ப பத்தாண்டுக்கு மேல் ஆகும். இடையில் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற வேண்டியும் வரலாம். 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டுக்கோ இரு மாதக் கட்டணமே 235 ரூபாய்தான். அங்கே போய்த் தகடு விற்பது பாவம்.

இந்தக் கணக்குகளில் வலையமைப்புக் கட்டணம், மீட்டர் செலவு போன்ற சில்லறைகளைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் காலம் சற்று நீளும். கட்டணம் உயர்ந்தால் காலம் குறையும். எப்படியானாலும் படம் மாறாது. தமிழ்நாட்டின் பெரும்பான்மை வீடுகள் கீழ் அடுக்குகளில் இருக்கின்றன. ஏழை வீட்டில் விளக்கெரிய அரசு தரும் மானியமே, நடுத்தர வீட்டின் கூரைக்குச் சூரியன் ஏறாமல் தடுக்கிறது. இலவச மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வெப்பத்தில் வேகும் ஓர் ஓட்டு வீட்டில் மின்விசிறி ஓடுவதற்கு அது தேவை. ஆனால் மானியத்தில் ஆண்டுதோறும் செலவழியும் தொகையின் ஒரு பங்கை முன்கூட்டியே தகடாக மாற்றிக் கீழ் அடுக்கு வீடுகளின் கூரையில் நிறுவினால், அரசுக்கும் மின்வாரியத்துக்கும் அது நீண்டகாலத்தில் இலாபமா என்பதை யாராவது பொறுமையாகக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் மின்விசிறி வருகிறது. பசுமை வீடு என்றதும் நம் மனத்தில் கூரைத் தகடு மின்னுகிறது. தலைக்கு மேல் சுழல்வதை நாம் பார்ப்பதேயில்லை. பழைய மின்விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். தூரிகையில்லா நேர்மின் மோட்டார் கொண்ட புதிய விசிறிகள், கடைகளில் பிஎல்டிசி என்ற பெயரில் விற்பவை, அதே காற்றை 30 வாட்டில் தருகின்றன. நான்கு விசிறிகள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் இரு மாதங்களில் 130 யூனிட் மிச்சம். திருச்சி வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் என்பது குறைத்துச் சொன்ன கணக்கு.

இந்த 130-ஐ 600 யூனிட் வீட்டில் கழித்துப் பாருங்கள். 600 யூனிட்டுக்குக் கட்டணம் 2,880 ரூபாய். 470 யூனிட்டுக்கு 1,616 ரூபாய். முன்பு சொன்ன படிக்கல்லுக்குக் கீழே இறங்கிவிடுவதால், இரு மாதங்களில் 1,264 ரூபாய் குறைகிறது. நான்கு விசிறிகளுக்கு ஏறத்தாழ 12,000 ரூபாய் செலவழித்தால் இருபது மாதங்களுக்குள் திரும்பிவிடும். குளிர்காலத்தில் விசிறி குறைவாக ஓடும் என்றால்கூட இரண்டரை ஆண்டு. மானியம் வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம், பொறியாளர் வந்து பார்க்க வேண்டாம். வாடகை வீட்டிலும் மாட்டிக்கொள்ளலாம்; காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால் கடையில் தேர்ந்தெடுப்பதும் எளிது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது மட்டுமே இதன் குறை. மாடியில் தகடு போட்டிருக்கிறோம் என்று உறவினர்களிடம் சொல்லலாம். விசிறி மாற்றினோம் என்று யார் சொல்வார்கள்?

விசிறியை மாற்றிய பிறகு தகட்டின் தேவையும் சுருங்குகிறது. 600 யூனிட் வீட்டுக்கு இரண்டு கிலோவாட் வேண்டியிருந்தது. 470 யூனிட் வீட்டுக்கு ஒன்றரை போதும். பெரிதாகப் போட்டு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டு முடிவில் மிஞ்சி நிற்கும் யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். வீட்டுத் தேவைக்குச் சற்றுக் குறைவாக அமைப்பதே புத்திசாலித்தனம்.

தளத்தின் வெப்பமும் இதே வகைதான். சித்திரை வெயிலில் பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம், மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்த வெப்பத்தை நிதானமாக அறைக்குள் இறக்குகிறது. மேல்மாடியில் படுப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் கட்டிய மெட்ராஸ் தளத்தில் மரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கியும் கனமாக இருந்தன; வெப்பம் இறங்கத் தாமதமாகும். மெல்லிய கான்கிரீட் அந்தக் காவலைக் கலைத்துவிட்டது. தளத்துக்கு வெள்ளை அடித்தால், அல்லது வெண்ணிற ஓடு பதித்தால், வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அறையில் சில டிகிரி குறையும். தகடு போட்ட இடத்துக்கும் நிழல் கிடைப்பதால் அதே நன்மை உண்டு. குளிர்சாதனத்தை 24 டிகிரியில் வைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2020 முதல் விற்கப்படும் கருவிகள் அந்த அளவில்தான் தொடங்குகின்றன. வீட்டுக்கு வந்தபின் 18-க்கு இறக்குவது நாம்தான்.

சூரிய வெந்நீர்க் கலனைப் பற்றியும் கேட்பார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது அருமையான பொருள். திருச்சியிலோ ஆண்டில் எட்டு மாதம் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வருகிறது. போதாதற்கு ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் குழாய்களில் சுண்ணாம்பு படியவிடும். இங்கே அதைக் கடைசி வரிசையில் வைக்கலாம்.

இனி, தகடு போடுவது என்று முடிவு செய்தவர்களுக்குச் சில செய்திகள். முதலாவது, மின்தடை. 2011, 2012-இல் பல மணி நேர மின்வெட்டை அனுபவித்த தலைமுறைக்கு, தகடு இருந்தால் கரண்டு போகாது என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது. உண்மை வேறு. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானாகவே நின்றுவிடும். உச்சி வெயிலில் தகடு தகதகத்துக்கொண்டிருந்தாலும் வீட்டில் விசிறி ஓடாது. இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் கைக்கு நம் கூரையிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தடையின்போதும் வேண்டுமென்றால் மின்கலத்தோடு கூடிய கலப்பு இன்வெர்ட்டர் வேண்டும். செலவு கணிசமாக ஏறும். கூடத்தின் மூலையில் ஏற்கெனவே இருக்கும் பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் அதை விட்டுவைப்பதே நல்லது.

இரண்டாவது, நிழல். தகடுகள் மாலைபோல் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. ஒரு தகட்டின் மூலையில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தால் அந்தத் தகடு மட்டுமல்ல, கோவை முழுவதும் தளரும். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும் என்பது பொது விதி. காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு என மூன்று வேளை மாடியேறிப் பார்த்தாலே எங்கே நிழல் விழுகிறது என்று தெரிந்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது பக்கத்து மாடியின் நிழல் எட்டும் தூரம் சித்திரையில் எட்டாது. ஆகவே ஒரு பருவத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்வதும் சரியல்ல. பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே நாளை எத்தனை மாடி எழும் என்பதையும் யோசிக்க வேண்டும். தகடுகள் தெற்கு நோக்கி ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நம் ஊர் அட்சரேகை அதுதான்.

வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்று நினைப்போம். ஒளி கூடினால் கூடும். வெப்பம் கூடினால் குறையும். தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் இறங்கும். சித்திரை நண்பகலில் தகடு 60 டிகிரியைத் தொடும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. மாசி, பங்குனியில் அக்னி நட்சத்திரத்தைவிட நல்ல விளைச்சல் கிடைத்தால் வியப்படைய வேண்டாம். தளத்தோடு ஒட்டாமல் காற்று புகும் உயரத்தில் தகட்டை வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும்.

உயர்த்தி வைத்தால் இன்னொரு வசதியும் உண்டு. வடாம் காயப் போடவும் துணி உலர்த்தவும் மாடி வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் சொல்லும் மறுப்புக்கு அது விடை. ஆள் நடமாடும் உயரத்தில் சட்டகம் அமைத்தால் கீழே நிழலான இடம் கிடைக்கிறது. ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊர் இது. தகடு வரிசை என்பது காற்றுக்கு ஒரு பாய்மரம். துத்தநாகம் பூசிய இரும்பு, தளத்தின் நீர்க்கசிவுத் தடுப்பைத் துளைக்காத அடிப்பீடம், ஒழுங்கான பற்றவைப்பு ஆகியவற்றில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. மொத்தச் செலவில் தகட்டின் பிராண்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் சட்டகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை.

பற்றவைப்பு என்றதும் இந்த ஊரின் கைகள் நினைவுக்கு வருகின்றன. பெல் வளாகத்திலேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துவாக்குடி தொழிற்பேட்டையிலும் திருவெறும்பூர் சுற்றிலும் உள்ள கூடங்கள் உயர் அழுத்தக் கொதிகலனுக்கான பாகங்களைச் செய்து பழகியவை. நீராவி அழுத்தத்தைத் தாங்கும் பற்றவைப்புக்கு முன் கூரைச் சட்டகம் குழந்தை விளையாட்டு. கடந்த பத்தாண்டில் அனல் மின் திட்டங்கள் தேங்கியபோது இக்கூடங்களில் பல வேலையின்றித் தவித்தன. அண்மையில் ஆர்டர்கள் திரும்பியிருக்கின்றன என்பது உண்மை; சூரியன் மறைந்த பிறகு உச்சத்தைத் தொடும் மாலை நேரத் தேவைக்கு நாடு இன்னும் நிலக்கரியைத்தான் நம்பியிருக்கிறது. ஆயினும் ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்பதன் வலியை இந்த வட்டாரம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. டெல்டா மாவட்டங்கள் முழுவதற்கும் கூரைச் சட்டகங்கள் செய்து தரும் திறன் இங்கே கைவசம் இருக்கிறது.

துப்புரவைப் பற்றி ஒரு சொல். தஞ்சாவூர் நெடுஞ்சாலையோரப் புழுதி, புறாக்களின் எச்சம் இரண்டும் தகட்டுக்குப் பகை. மாதம் இருமுறை, அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புநீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் ஒட்டிவிடும். கொதிக்கும் கண்ணாடியில் நண்பகலில் குளிர்நீரைக் கொட்டுவது கண்ணாடிக்கு நல்லதல்ல.

அலுவலக நடைமுறை முன்பைவிட இலகுவாகிவிட்டது. 2024-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. தேசியத் தளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, அங்கே பட்டியலில் உள்ள நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணிகள் முடிந்து, இருவழி மீட்டர் பொருத்தப்பட்டு, மின்வாரியம் சான்றளித்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. தந்தை காலமாகிப் பத்தாண்டு கழித்தும் அவர் பெயரிலேயே இருக்கும் இணைப்புகள் நம்மிடையே ஏராளம். திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டு வரை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதுவரை பேசியது எல்லாம் சொந்த மாடி உள்ளவர்களுக்கு. அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு மாடி பொதுச்சொத்து. அங்கே லிஃப்ட், நீரேற்றும் மோட்டார், பொது விளக்குகள் ஆகியவற்றுக்கான தகடுகளுக்குக் குடியிருப்போர் சங்கங்கள் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் பெறலாம். பராமரிப்புக் கட்டணத்தில் பெரும்பங்கு இந்த மின்செலவுதான் என்பதால் இதில் ஒருமித்த கருத்து எட்டுவது அவ்வளவு கடினமல்ல. தனித்தனி வீடுகளின் கணக்கில் பங்கு பிரிப்பதற்கு மெய்நிகர் நிகர அளவீடு என்ற முறையை டெல்லி போன்ற இடங்கள் அனுமதித்திருக்கின்றன. வேறோர் இடத்தில் இருக்கும் தகட்டில் நமக்கும் ஒரு பங்கு. அதன் விளைச்சல் நம் கணக்கில் கழியும். வாடகைதாரருக்கும், ஓட்டு வீட்டுக்காரருக்கும், நிழல் விழும் மாடிக்காரருக்கும் சூரியனில் பங்கு தரக்கூடிய வழி இதுதான்.

அனல் மின்சாரம் ஆதிக்கம் செலுத்தும் நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்தோடு சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நான்கு விசிறிகளை மாற்றிய வீடு ஆண்டுக்கு ஏறத்தாழ அரை டன்னைத் தவிர்க்கிறது. மூன்று கிலோவாட் தகடு போட்ட வீடு மூன்று டன்னைத் தவிர்க்கிறது. முதலாவதற்கு 12,000 ரூபாய், இரண்டாவதற்கு மானியமும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ரூபாய்க்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் விசிறிதான் சுமார் இரண்டரை மடங்கு முந்துகிறது.